புகையிலையை விடுவதும் உடலை இயக்குவதும்

புகையிலையில் மனிதரை அடிமையாக்கும் பொருள் ஒன்று, உயிரைக் குடிக்கும் பொருள்கள் வேறு. அடிமையாக்குவது நிகோட்டின். புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் பெரும் பொறுப்பு, புகையோடு வரும் தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும், மெல்லும் புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்களுக்கும் உரியது. நிகோட்டினும் தீங்கே இல்லாத பொருள் அல்ல. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அது ஏற்றும். ஆனாலும் புகையோடு ஒப்பிட்டால் அதன் கேடு மிகச் சிறிது. புகையிலையை விடவைக்கும் மருத்துவம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. கொல்வதை இன்றே நிறுத்திவிடலாம். அடிமையாக்கியதிலிருந்து சில வாரங்களில் மெல்ல இறங்கலாம்.

ஒரு தம் இழுத்தால் நிகோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. ஊசி வழியாக ஏற்றினாலும் இவ்வளவு விரைவாகப் போய்ச் சேராது. மூளையில் அதற்கென்று உள்ள ஏற்பிகளைத் தொட்டதும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. ஒரு நிறைவு தோன்றுகிறது. தொடர்ந்து புகைத்தால் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடும். பிறகு அத்தனை ஏற்பிகளும் தீனி கேட்கும். ரத்தத்தில் நிகோட்டின் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால், இரவு முழுவதும் தூங்கி எழுபவருக்குக் காலையில் அது மிகவும் தாழ்ந்திருக்கும். அதனால்தான் அடிமைத்தனத்தின் ஆழத்தை அளக்க மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பது அல்ல. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதுதான். பல் துலக்குவதற்கு முன்பே, ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைப்பவரின் அடிமைத்தனம் மிக ஆழமானது.

நெடுநாள் புகைப்பவர் பெரும்பாலும் இன்பத்துக்காகப் புகைப்பதில்லை. குறைந்துபோனதை ஈடுகட்டப் புகைக்கிறார். 'டென்ஷனுக்கு ஒரு தம்' என்று சொல்லும்போது அந்தத் தம்மால் தணிவதில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட்டின் நிகோட்டின் இறங்கியதால் வந்த பதற்றமே. புகைப்பதை விட்டு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆனவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. மன அழுத்தம் உள்ளவர் விடக் கூடாது என்று ஊரில் சொல்லப்படும் பேச்சுக்கு இதுவே பதில்.

புகையிலை என்றதும் சிகரெட் மட்டுமே பேச்சில் அடிபடுவது இந்தியாவைப் பொறுத்தவரை பெரிய பிழை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். 2009-10இல் இது 34.6 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் புகைப்பவர்கள் 10.7 சதவீதம்தான்; வாயில் அடக்குபவர்களும் மெல்லுபவர்களும் 21.4 சதவீதம். புகைப்பவர்களிலும் பெருந்தொகையினர் பீடி பிடிப்பவர்கள். பீடி சிறியது, இலையில் சுற்றியது, ஆகவே சிகரெட்டைவிட மென்மையானது என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. பீடி அடிக்கடி அணைந்துபோகும். அணையாமல் காக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கக் கார்பன் மோனாக்சைடும் தாரும் நுரையீரலுக்குள் கூடுதலாகப் போகின்றன.

வாயில் அடக்கும் வகைகளில் குட்கா, மாவா, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகும் சிறு பொட்டலங்கள், வெற்றிலையோடு சேரும் புகையிலைத் துண்டு ஆகிய எல்லாம் அடங்கும். புகை வராததால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பள்ளி மாணவன் வகுப்பிலேயே வைத்திருக்க முடியும். புகையிலை கலந்த குட்காவையும் பான் மசாலாவையும் 2013இல் தமிழ்நாடு தடைசெய்தது. தடைக்குப் பிறகும் பெட்டிக்கடைகளில் அவை பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன என்பதை நாளிதழ் படிக்கும் எவரும் அறிவர்.

பாக்கைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். புகையிலை கலக்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. தாம்பூலத் தட்டில் மரியாதையோடு இடம்பெறும் ஒரு பொருளைப் பற்றி இப்படிச் சொல்வது பலருக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் நாள்தோறும் பாக்கு மெல்லும் வாயில் நடப்பதைக் கண்டவர்களுக்கு ஐயம் இருக்காது. முதலில் காரம் பட்டால் எரியும். ரசம்கூட எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நாராக இறுகும். வாய் திறக்கும் அளவு மாதத்துக்கு மாதம் குறையும். நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைக்க முடியாவிட்டால், பல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். இறுகிய திசு முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், புற்றாக மாறும் வாய்ப்பையும் குறைக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு உலகின் மிக உறுதியான விடை பிரிட்டனிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே நுரையீரல் புற்றுநோய் மளமளவென்று பெருகியது. காரணம் தேடிய மருத்துவர் ரிச்சர்ட் டால், சாலைகளில் ஊற்றும் தாரும் வாகனப் புகையும் காரணமாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தார். லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கேட்டு விவரம் திரட்டத் திரட்ட, விரல் சிகரெட்டை நோக்கியே திரும்பியது. ஆய்வு முடிவதற்கு முன்பே அவர் தம் சொந்தப் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டார். புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லுடன் சேர்ந்து 1950இல் முடிவை வெளியிட்டார். அதோடு நிற்காமல் 1951இல் பிரிட்டனின் ஆண் மருத்துவர்கள் 34,439 பேரின் புகைப்பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, அவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். 2004இல் வெளியான இறுதிக் கணக்கு இது: விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்தனர். 60 வயதில் விட்டவர்கள் அதில் 3 ஆண்டுகளை மீட்டனர். 50இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளை. 40இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளை. 30 வயதில் விட்டவர்கள் இழப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்த்தனர். 'இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன' என்று சொல்லும் அறுபது வயதுக்காரருக்கும் அந்தக் கணக்கில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.

உடல் மீளத் தொடங்குவதற்கு ஆண்டுகள் தேவையில்லை. கடைசிப் புகைக்குப் பின் ஒன்று, இரண்டு நாளில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு புகைக்காதவரின் அளவுக்கு இறங்குகிறது. சில வாரங்களில் மூச்சு இலகுவாகிறது. ஒரு வருடத்தில் புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகச் சுமார் பத்து ஆண்டுகள் ஆகும்.

இனி, விடும் முறை. விட்ட முதல் இரண்டு மூன்று நாள்களே மிகக் கடினமானவை. எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறல், ஓயாத பசி எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் சில நிமிடங்களில் தானே தணிகிறது. பிடித்தாலும் தணியும், பிடிக்காவிட்டாலும் தணியும். இதை ஒரு முறை தம் உடலிலேயே கவனித்து அறிந்தவருக்கு அடுத்த வேட்கையைக் கடப்பது எளிதாகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவதைவிட, ஒரு தேதி குறித்து அன்றோடு நிறுத்துபவர்களே கூடுதலாக வெல்கிறார்கள்.

தூண்டும் இடமும் நேரமும் மன உறுதியைவிட வலிமையானவை. சாப்பாட்டுக்குப் பின், டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைக் கையில் வாங்கியதும், பேருந்துக்குக் காத்திருக்கையில், மது அருந்தும்போது என்று கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும் தருணங்கள் ஒவ்வொருவருக்கும் நான்கைந்து உண்டு. முதல் மாதத்துக்கு அந்தத் தருணங்களை மாற்றி அமைப்பதே பாதி மருத்துவம். டீயை அலுவலகத்திலேயே வாங்கிக் குடிக்கலாம், சாப்பிட்டவுடன் எழுந்து தெருமுனை வரை போய்வரலாம், மது இருக்கும் இடத்தைத் தவிர்க்கலாம். விடப்போகும் தேதியை வீட்டாரிடமும் நண்பர்களிடமும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. தவறி ஒரு நாள் பிடித்துவிட்டால் வீட்டில் ஏசுவதாலும் சபதத்தை நினைவூட்டிக் குத்திக்காட்டுவதாலும் பயனில்லை. விட்டவர்களில் மிகப் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்று விட்டவர்களே.

மருந்துகளும் உண்டு, அவற்றை வெட்கப்படாமல் கேட்டு வாங்க வேண்டும். நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பலர் வழக்கமான சூயிங்கம்போல் மென்று தள்ளிவிட்டு, நெஞ்செரிகிறது, விக்கல் வருகிறது, பலனில்லை என்று தூக்கிப்போடுகிறார்கள். மெல்லும் முறை வேறு. மெதுவாகச் சில முறை மெல்ல வேண்டும். காரமோ சுருக்கென்ற உணர்வோ தோன்றியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த உணர்வு மறைந்ததும் மீண்டும் சில முறை மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். இப்படி அரைமணி நேரம் ஒரே சூயிங்கம் போதும். நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ஏற வேண்டும்; விழுங்கிய நிகோட்டின் வயிற்றைத்தான் புண்படுத்தும். காபிக்கும் பழச்சாறுக்கும் பிறகு கால்மணி நேரமாவது கழித்தே மெல்ல வேண்டும், ஏனெனில் வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் சரியாக ஏறாது. தோலில் ஒட்டும் பட்டையும், மருத்துவர் சீட்டோடு வாங்கும் புப்ரோபியான், வரெனிக்லின் மாத்திரைகளும் உள்ளன. ஆலோசனையும் மருந்தும் சேரும்போது வெற்றி வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதலே இதற்கென ஆலோசனை மையம் இயங்கிவருகிறது.

புகையிலையோடு சேர்த்து மதுவையும் விட நினைப்பவர்களுக்கு ஒரு கடும் எச்சரிக்கை தேவை. புகையிலையை எவரும் எந்த நாளிலும் திடீரென்று நிறுத்தலாம், உயிருக்கு ஆபத்தில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்து, காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர் அப்படி நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிவதும் குழப்பமும் காய்ச்சலும் சேர்ந்த ஒரு நிலை வரலாம். மருத்துவம் கிடைக்காவிட்டால் அது உயிரையே எடுக்கும். ஆகவே வீட்டில் பூட்டிவைப்பதும், கோயிலில் சத்தியம் வாங்கி மறுநாளே நிறுத்தச் செய்வதும் அத்தகையவருக்கு ஆபத்து. மருத்துவமனையில் சேர்த்து, உரிய மருந்தோடும் தயமின் என்ற வைட்டமின் ஊசியோடும் சில நாள்களில் நிறுத்த வேண்டும். குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கும் மருத்துவத்துக்குச் சென்னையில் வழிவகுத்தவர் சாந்தி ரங்கநாதன். 1980இல் அவர் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. அங்கே குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் பங்கு உண்டு.

புகைப்பழக்கத்தை விடும் ஒருவருக்கு உடனடித் துணையாக நடைப்பயிற்சி வந்துசேர்கிறது. ஐந்து, பத்து நிமிட விரைவு நடைகூடப் புகைக்கும் வேட்கையை அந்த நேரத்துக்குத் தணிக்கிறது என்பது பல சோதனைகளில் உறுதிப்பட்டிருக்கிறது. உடற்பயிற்சி மட்டுமே ஒருவரை நிரந்தரமாகப் புகையிலையிலிருந்து விடுவிக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆலோசனைக்கும் மருந்துக்கும் அது துணை, மாற்று அல்ல. விட்ட முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ எடை கூடுகிறது. அந்த எடைக்கு அஞ்சி மீண்டும் புகைக்கத் தொடங்குவோர் உண்டு. அந்தக் கிலோக்களால் வரும் கேடு, புகைப்பதால் வரும் கேட்டின் அருகில்கூட நிற்காது. ஆனாலும் நடப்பவருக்கு அது கட்டுக்குள் இருக்கும்.

உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு அறிவியலாக நிலைபெற்றது ஒரு பேருந்தில். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். இருவரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஏறக்குறைய ஒரே வருமானத்தில் வாழ்பவர்கள். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இவர்களை ஒப்பிட்டு 1953இல் வெளியிட்ட ஆய்வில், நடத்துநர்களிடம் மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்ததாகவும் இருந்தது தெரிந்தது. ஓட்டுநர் வேலைக்குக் குண்டானவர்களே போகிறார்களோ என்ற கேள்வி எழுந்தது. மாரிஸ் போக்குவரத்துக் கழகத்தின் சீருடைக் கணக்கை எடுத்து, தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒல்லியானாலும் பருமனானாலும் நடத்துநருக்கே ஆபத்து குறைவு. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் மேசையில் உட்கார்ந்திருக்கும் தபால் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் இதே முடிவு வந்தது. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

நீரிழிவைப் பொறுத்தவரை இதற்கு இணையான சான்று சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வரும் நிலையில் இருக்கிறது என்று சோதனையில் தெரிந்த 531 பேர் அதில் சேர்ந்தனர். நடுத்தர வயதினர், மேலைநாட்டு ஆய்வுகளில் உள்ளதுபோல் மிகப் பெருத்த உடல் கொண்டவர்கள் அல்லர். அவர்களை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும், இன்னொன்றுக்கு நாள்தோறும் அரைமணி நேர விரைவு நடையும் உணவுக் கட்டுப்பாடும், மூன்றாவதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை, நான்காவதற்கு இரண்டும். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம், மாத்திரை எடுத்தவர்களில் 40.5, இரண்டும் செய்தவர்களில் 39.5. நடையும் உணவும் ஒரு மாத்திரைக்கு நிகராக நின்றன. மாத்திரையைக் கூடச் சேர்த்ததால் மேலதிகப் பலன் இல்லை. இன்னொரு செய்தி அதைவிட முக்கியம்: நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை குறையாமலேயே நோய் தள்ளிப்போனது. இயங்கும் தசை இன்சுலினின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பது இதற்கு ஒரு விளக்கம். இரண்டு மாதம் நடந்தும் எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்துபவர்களுக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்க வேண்டும். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வுத் தொடரின் முதல் கட்டத்தில், தமிழ்நாடும் சேர்ந்த நான்கு பகுதிகளில், வயதுவந்தோரில் 54.4 சதவீதம் பேர் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. ஓய்வு நேரத்தில் விளையாட்டிலோ நடையிலோ ஈடுபடுபவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

எவ்வளவு அசைவு போதும்? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வரையறுத்தது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். வரையறையை எட்டாவிட்டாலும் கொஞ்சமாவது அசைவது அறவே அசையாதிருப்பதைவிட மேல் என்பதையும் அந்த நிறுவனம் சேர்த்தே சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடை சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும். தசைப்பயிற்சி இளைஞர்களின் ஜிம்முக்கு உரியது என்ற எண்ணம் முதியவர்களுக்குக் கேடு செய்கிறது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும் தசைப்பயிற்சிதான். வயலிலும் கட்டடத்திலும் நாள் முழுக்க உழைப்பவருக்கு மாலை நடை தேவையில்லை. அவருக்குத் தேவை ஓய்வும் சத்துணவும். நீண்ட காலம் சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நடக்கையில் நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ வலித்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தனிமனிதர் முயற்சியைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிடுவது நியாயமாகாது. நடைபாதையைக் கடையும் வண்டியும் பிடித்துக்கொண்ட தெருவில், விளக்கு எரியாத பூங்காவில், ஒரு பெண்ணை இரவு ஏழு மணிக்கு நடக்கச் சொல்வது வெறும் உபதேசம். 2023இல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று அடையாளப்படுத்தியது நல்ல தொடக்கம். ஆனால் மக்களுக்கு வேண்டியது மாவட்டத்துக்கு ஒன்று அல்ல, தெருவுக்கு ஒன்று. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அதை அமல்படுத்தக் கேட்கும் உரிமை ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு, கேட்க வேண்டும்.

விட நினைப்பவருக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை 2016 முதல் இயங்குகிறது. எண் 1800-11-2356. சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களின் எச்சரிக்கைப் படத்தோடு இந்த எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறது. அழைப்பவரிடம் ஆலோசகர் பேசி, விடும் தேதியைக் குறிக்க உதவுகிறார். பிறகும் அவராகவே அழைத்து விசாரிக்கிறார். வீட்டில் புகையிலைப் பழக்கம் உள்ளவர் இருந்தால், இந்த எண்ணை இன்றே அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.